மதிப்பீட்டாளர் உரிமத்தின் விலை: அமெரிக்காவில் ஒரு தொழில் சட்டத்துக்குள் வந்த வரலாறு

அமெரிக்காவில் வீட்டையோ நிலத்தையோ அடமானமாக வைத்து வங்கிக்கடன் வாங்குபவர், அந்தச் சொத்து சந்தையில் என்ன விலை பெறும் என்பதை எழுத்தில் கூறும் ஓர் அறிக்கைக்குத் தனியே கட்டணம் செலுத்துவது வழக்கம். அந்த அறிக்கையை எழுதுபவர் சொத்து மதிப்பீட்டாளர். தமிழ்நாட்டு வங்கிகளில் 'வேல்யூவர்' என்று அழைக்கப்படுபவரின் பணியை ஒத்த பணி அவருடையது. அறிக்கைக்கான பணம் கடன் வாங்குபவரின் பையிலிருந்து போனாலும் மதிப்பீட்டாளரை அமர்த்துவது கடன் கொடுப்பவர்தான். இந்த அமைப்பு பழையது. ஆனால் மதிப்பீட்டாளர் அரசிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும், தேர்வு எழுத வேண்டும், ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி நாடு தழுவிய ஒரு பதிவேட்டில் பெயரைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் 1989ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் விளைவுகள். அந்தச் சட்டம் நிதி நிறுவனங்களின் வீழ்ச்சியிலிருந்து பிறந்தது. வீழ்ச்சியைத் தடுப்பதற்கான செலவின் ஒரு பகுதியை, கொடுக்கல் வாங்கலில் மிகக் குறைந்த பேரம்பேசும் வலிமை உடையவர்மீது அது சுமத்தியது. உரிமக் கட்டணங்களின் வரலாற்றை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால்தான், பின்னர் நேர்ந்த பலவற்றுக்குக் காரணம் விளங்கும்.

மதிப்பீடு தனித் தொழிலாக உருவானதே இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் நிலத்தின் விலையைச் சொல்லும் வேலை தரகர்களிடமும் வரி விதிப்பு அலுவலர்களிடமும் இருந்தது. 1898இல் ஸ்மித் எதிர் ஏம்ஸ் என்ற வழக்கில், இரயில் நிறுவனங்கள் வசூலிக்கக்கூடிய கட்டணத்தை அவற்றின் சொத்துகளின் நியாயமான மதிப்பைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியதும், மதிப்பைக் கணக்கிடும் கலை நீதிமன்றங்களிலும் பொறியாளர் வட்டாரங்களிலும் கவனம் பெற்றது. 1903இல் ரிச்சர்ட் ஹர்ட் நகர நில மதிப்புகளைப் பற்றி எழுதிய நூலும், 1924இல் ஃபிரெடெரிக் பாப்காக் மனைத்துறை மதிப்பீட்டைப் பற்றி எழுதிய நூலும் இத்துறைக்குப் பாடநூல் மரபை உண்டாக்கின. இதற்கிடையே தரகர்களுக்கு உரிமம் வந்துவிட்டது: கலிஃபோர்னியா 1917இல் அதற்கெனச் சட்டம் இயற்றியது, நீதிமன்றம் அதைச் செல்லாதெனத் தள்ளியபோது 1919இல் திருத்தி மீண்டும் இயற்றியது. பிற மாநிலங்களும் அவ்வழியே சென்றன. மதிப்பீட்டாளரைப் பற்றி அச்சட்டங்கள் பெரும்பாலும் கவலைப்படவில்லை. அவர் தரகருக்குள் அடங்கியவராகவே கருதப்பட்டார்.

1930களின் பெருமந்தம் இந்த நிலையை மாற்றியது. விலை சரிந்த வீடுகளின்மீது கொடுத்த கடன்கள் வாராக்கடன்களானபோது, தரகர் சொன்ன விலையும் விற்றால் உண்மையில் கிடைக்கும் விலையும் ஒன்றல்ல என்பதை நிதி நிறுவனங்கள் பட்டறிந்தன. 1932இல் மனைத் தரகர் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு, மதிப்பீட்டாளர்களுக்கென அமெரிக்க மனைத்துறை மதிப்பீட்டாளர் கழகத்தைத் தொடங்கி, அதன் உறுப்பினருக்கு எம்.ஏ.ஐ. என்ற பட்டப்பெயரை வழங்கியது. 1935இல் சேமிப்புச் சங்கங்களின் ஆதரவில் குடியிருப்பு மதிப்பீட்டாளர் சங்கம் தோன்றியது. 1933இல் உருவான வீட்டுரிமையாளர் கடன் கழகம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அடமானக் கடன்களைத் தானே ஏற்றுப் புதுப்பித்ததும், 1934இல் தொடங்கிய கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் தனியார் கடன்களுக்குக் காப்பீடு கொடுத்ததும் மதிப்பீட்டுக்கு ஒரே மாதிரியான படிவங்களையும் நடைமுறைகளையும் நாடெங்கும் கொண்டுசென்றன. பாப்காக்கே அந்த நிர்வாகத்தில் மதிப்பீட்டு முறைகளை வகுத்தார்.

அந்த நடைமுறைகளோடு ஒரு நஞ்சும் சேர்ந்தே பரவியது. ஒரு தெருவில் கறுப்பினத்தவர் குடியேறினால் அங்குள்ள வீடுகளின் மதிப்பு இறங்கும் என்பதை அக்காலப் பாடநூல்களும் அரசுக் கையேடுகளும் ஒரு விதியாகவே கற்பித்தன. 1976இல் நீதித்துறை அமைச்சகம் இரண்டு மதிப்பீட்டாளர் சங்கங்கள்மீதும் கடன் வழங்குவோரின் இரண்டு சங்கங்கள்மீதும் வழக்குத் தொடர்ந்தது. அடுத்த ஆண்டு மதிப்பீட்டாளர் கழகம் உடன்பாட்டுக்கு வந்து தன் பாடங்களைத் திருத்த ஒப்புக்கொண்டது. தொழிற்சங்கங்கள் தம் உறுப்பினர்களுக்கு வகுத்த நெறி வெளியிலிருந்து யாரும் தட்டிக்கேட்கும்வரை தானாகத் திருந்தவில்லை என்பதற்கு இது ஒரு சான்று. அன்று வரையிலும் பட்டப்பெயர் தருவதும் பறிப்பதும் சங்கங்களின் கையில் இருந்தன. சங்கத்தில் சேராத ஒருவர் அறிக்கை எழுதுவதைத் தடுக்கப் பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் எதுவும் இருக்கவில்லை.

சட்டம் வரக் காரணமானவை சேமிப்பு-கடன் சங்கங்கள். உள்ளூர் மக்களின் வைப்புகளைத் திரட்டி அவர்களுக்கே வீட்டுக்கடனாகக் கொடுத்துவந்த இந்தச் சங்கங்கள், 1970களின் பிற்பகுதியில் வட்டி விகிதம் ஏறியபோது நொடித்தன: முப்பது ஆண்டுகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்துவிட்டு, வைப்புகளுக்கு அதைவிடக் கூடுதல் வட்டி தரவேண்டிய நிலை வந்தது. அவை வளர்ந்தே மீளட்டும் என்று கருதிய அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1980இல் வைப்புத்தொகைக் காப்பீட்டின் வரம்பை ஒரு லட்சம் டாலராக உயர்த்தியது. 1982இன் கார்ன்-செயின்ட் ஜெர்மேன் சட்டம் வணிகக் கட்டடங்களுக்கும் வளர்ச்சித் திட்டங்களுக்கும் தாராளமாகக் கடன் கொடுக்க அவற்றை அனுமதித்தது. சங்கத்தின் சொந்த முதல் சொற்பம். வைப்புகளுக்கோ அரசின் காப்பீடு. கடன் கொடுத்த அன்றே முன்கட்டணத்தை வருமானமாகக் காட்டலாம். நடத்துபவருக்கு இழப்பதற்கு எதுவும் இல்லாத இந்த ஏற்பாட்டில், பெரிய கடனுக்குத் தேவைப்பட்ட ஒரே காகிதம் பெரிய தொகையைச் சொல்லும் மதிப்பீட்டு அறிக்கை.

டல்லஸ் நகருக்குக் கிழக்கே, முப்பதாம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி, எம்பயர் சேமிப்பு-கடன் சங்கம் பணம் கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்புகளே இந்த முறையின் அடையாளமாயின. ஒரே நிலத்தைக் கூட்டாளிகள் சில நாள்களுக்குள், சிலவேளை ஒரே நாளுக்குள், தமக்குள்ளேயே மாறிமாறி விற்று விலையை ஏற்றினர். ஏற்றிய விலையை 'ஒப்பு விற்பனை' என்று எடுத்துக்காட்டி மதிப்பீட்டு அறிக்கை எழுதப்பட்டது. அண்மையில் அருகில் விற்ற ஒத்த சொத்துகளின் விலையே ஒப்பு விற்பனை எனப்படும். அது மதிப்பீட்டு முறைகளுள் மிகவும் நம்பப்படுவது, ஆகவே ஏமாற்றுக்கும் மிக எளிதில் இடம் தருவது. மெஸ்கிட் நகரைச் சேர்ந்த அந்தச் சங்கம் 1984 மார்ச்சில் மூடப்பட்டது. அதன்பின் எண்ணெய் விலை சரிந்து டெக்சஸ் மாநிலப் பொருளாதாரமே தளர, மூடப்பட்ட சங்கங்களின் வரிசை நீண்டது. 1986 முதல் 1995 வரை, நாட்டில் இருந்த 3,234 சங்கங்களில் 1,043 மூடப்பட்டன. வரி செலுத்துவோர் ஏற்ற சுமை நூறு பில்லியன் டாலரை வெகுவாகத் தாண்டியது.

இவ்வளவு பெரிய இழப்புக்கு மதிப்பீட்டாளர் எந்த அளவு பொறுப்பு என்பது வாதத்துக்குரியது. வட்டி விகிதமும் காப்பீட்டுக் கொள்கையும் கண்காணிப்பு அலுவலர்களின் பற்றாக்குறையும் அவர் கையில் இல்லாதவை. எனினும் ஒவ்வொரு மோசக் கடனின் கோப்பிலும் அவர் கையொப்பம் இருந்தது. ஜார்ஜியாவைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் டக் பர்னார்ட் தலைமையிலான துணைக்குழு 1985இல் விசாரணைகள் நடத்தியதை அடுத்து, 1986இல் வெளிவந்த குழு அறிக்கை தவறான மதிப்பீடுகளும் மோசடி மதிப்பீடுகளும் சங்கங்களின் வீழ்ச்சிக்குத் துணைசெய்தன என்று முடிவுகட்டியது. சங்கங்களைக் கண்காணித்த கூட்டரசு வீட்டுக்கடன் வங்கி வாரியம் மதிப்பீட்டுக்கு வகுத்த வழிகாட்டுக் குறிப்புகள் 1982இலேயே இருந்தன, 1986இல் கடுமையாக்கவும் பட்டன. ஆனால் அவை சங்கங்களைக் கட்டுப்படுத்தினவே அன்றி, மதிப்பீட்டாளரைத் தொடவில்லை.

சட்டம் வரப்போவதை உணர்ந்த தொழிலினர் முந்திக்கொண்டனர். எட்டு அமெரிக்கச் சங்கங்களும் கனடாவின் கழகமும் சேர்ந்து 1986-87இல் பொதுவான தொழில்நெறிகளை வரைந்தன. சுருக்கமாக 'யூஸ்பேப்' எனப்படும் அந்த ஆவணத்தைப் பேணுவதற்காக 1987இல் மதிப்பீட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. அது இலாப நோக்கற்ற தனியார் அமைப்பு. அரசு தானே விதிகளை எழுதாமல் இந்த அமைப்பின் விதிகளைச் சட்டத்துக்குள் எடுத்துக்கொள்ளும்படி செய்ததில் தொழிலினர் வெற்றி பெற்றனர். அந்த வெற்றிக்கும் ஒரு விலை உண்டு: சட்டத்தின் பலம் பெற்ற விதிநூலை அறக்கட்டளை பதிப்பித்து விற்க, தமக்கு எது கட்டாயம் என்று அறிய விரும்பும் மதிப்பீட்டாளர் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று.

1989 ஆகஸ்ட் 9 அன்று மூத்த ஜார்ஜ் புஷ் கையொப்பமிட்ட நிதி நிறுவனச் சீர்திருத்தச் சட்டம், அமெரிக்க வழக்கப்படி அதன் முதலெழுத்துகளால் 'ஃபிர்ரியா' எனப்படுகிறது. அதன் பதினோராம் பகுதிதான் மதிப்பீட்டாளரைப் பற்றியது. கூட்டரசின் நிதிக் கண்காணிப்புக்கு உட்பட்ட கடன்களுக்கான மதிப்பீட்டை, மாநில உரிமமோ சான்றோ பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டும் என்று அது கூறியது. தொழில் உரிமம் வழங்குவது அமெரிக்காவில் மரபாக மாநிலங்களின் அதிகாரம் என்பதால், கூட்டரசு நேரடியாக உரிமம் வழங்கவில்லை. மாநிலங்கள் வாரியங்கள் அமைக்க, தகுதிகளின் அடிமட்டத்தை அறக்கட்டளை வகுக்க, மாநிலங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்க வங்கிக் கண்காணிப்பு முகமைகளின் பிரதிநிதிகள் அடங்கிய மதிப்பீட்டுத் துணைக்குழு என்ற சிறிய அமைப்பு உருவானது. விதி தனியாருடையது, உரிமம் மாநிலத்துடையது, மேற்பார்வை கூட்டரசுடையது. மூன்று தலைமைகள் கொண்ட இந்த அமைப்பை யாரும் அழகானதென்று சொல்லிவிட முடியாது. ஆனால் அன்றைய அரசியல் கணக்குகளில் எல்லாத் தரப்பும் ஏற்கக்கூடியதாக இருந்தது இது ஒன்றுதான்.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குச் சட்டம் தந்த விடையே இக்கட்டுரையின் மையம். துணைக்குழுவின் தொடக்கச் செலவுக்குக் கருவூலத்திலிருந்து ஐம்பது லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது. அதன்பின் அது வரிப்பணத்தைத் தொடக்கூடாது. ஒவ்வொரு மாநிலமும் தன் மதிப்பீட்டாளர்களின் பட்டியலை ஆண்டுக்கு ஒரு முறையேனும் துணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொருவரிடமிருந்தும் ஆண்டுக்கு 25 டாலருக்கு மிகாத தொகையை வசூலித்துச் சேர்த்து அனுப்ப வேண்டும். தேவைப்பட்டால் அதை 50 டாலர் வரை உயர்த்திக்கொள்ளலாம். துணைக்குழுவின் அலுவலகமும், மாநிலங்களுக்கு அது அனுப்பும் ஆய்வாளர்களின் பயணமும், அறக்கட்டளைக்குத் தரும் மானியமும் இந்தத் தொகையிலிருந்தே நடந்தன. ஏமாற்றியவர்கள் சங்கங்களின் இயக்குநர்களும் நில மேம்பாட்டாளர்களும். கண் மூடிக்கொண்டவர்கள் கண்காணிப்பு அலுவலர்கள். எதிர்காலக் கண்காணிப்புக்கான கட்டணச் சீட்டு மட்டும் சிறு அலுவலகம் வைத்து வாடகை கட்டும் மதிப்பீட்டாளரின் பெயருக்குப் போனது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதற்குப் பொருந்தும். இந்தச் செலவுக்காகக் கடன் கொடுக்கும் நிறுவனங்களிடம் ஒரு டாலர்கூட அன்று கேட்கப்படவில்லை.

மாநிலங்கள் அவசரமாகச் சட்டங்கள் இயற்றின. முதலில் 1991 நடுப்பகுதிக்குள் எல்லாம் நடைமுறைக்கு வரவேண்டும் என்றிருந்தது. தேவையான எண்ணிக்கையில் மதிப்பீட்டாளர்கள் தேறமாட்டார்கள் என்ற அச்சத்தால் தள்ளிப்போய், இறுதியில் 1993 ஜனவரியில்தான் முழுமையாக அமலுக்கு வந்தது. கலிஃபோர்னியா 1990இலும் டெக்சஸ் 1991இலும் தமக்கான அமைப்புகளை ஏற்படுத்தின. அதே 1991இன் தொடக்கத்தில், பல பத்தாண்டுகளாகப் போட்டியிட்டு வந்த இரு பழைய சங்கங்களும் இணைந்து மதிப்பீட்டுக் கழகம் என்ற ஒன்றாயின. பட்டப்பெயரை விற்றுவந்தவர்களுக்கு உரிமம் வந்தபின் விற்க வேறு என்ன இருக்கும் என்ற கவலையும் அந்த இணைப்புக்கு ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம். தகுதிப் படிகள் நான்காக அமைந்தன: மேற்பார்வையில் பணி கற்கும் பயிற்சியாளர், எளிய குடியிருப்புகளைக் குறிப்பிட்ட தொகைக்குள் மதிப்பிடும் உரிமம் பெற்றவர், நான்கு வீடுகள் வரையுள்ள எந்தக் குடியிருப்பையும் மதிப்பிடும் குடியிருப்புச் சான்றாளர், கடை, ஆலை, பண்ணை எதையும் மதிப்பிடும் பொதுச் சான்றாளர்.

ஒரு மதிப்பீட்டாளர் உண்மையில் செலுத்துவது 25 டாலர் அல்ல என்பது மாநிலக் கட்டணப் பட்டியல்களைப் பார்த்தவுடன் தெரியும். விண்ணப்பக் கட்டணம் ஒன்று, உரிமக் கட்டணம் வேறொன்று. தேர்வை நடத்தும் தனியார் நிறுவனத்துக்குத் தேர்வுக் கட்டணம். குற்றப் பின்னணி பார்ப்பதற்காகக் கைரேகைக் கட்டணம். முன்படிப்புகளுக்குப் பயிற்சிப் பள்ளிகளின் கட்டணம். புதுப்பிக்கும்போது இரண்டு ஆண்டுக்கு 28 மணிநேரத் தொடர்கல்வி, அதற்குள் ஏழு மணிநேரம் யூஸ்பேப் புதுப்பிப்பு வகுப்பு. அந்த விதிநூலின் விலை. வட கரோலினா ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்கிறது. டெக்சஸும் கலிஃபோர்னியாவும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. மாநில எல்லைக்கு அருகில் வசிப்பவருக்குச் சுமை இரட்டிப்பு: தேசியப் பதிவேட்டின் கட்டணம் ஆளுக்கு விதிக்கப்படாமல் உரிமத்துக்கு விதிக்கப்படுவதால், மூன்று மாநிலங்களில் உரிமம் வைத்திருப்பவர் அதை மூன்று முறை செலுத்துகிறார். அண்டை மாநிலத்தில் ஒரே ஒரு வேலைக்காகத் தற்காலிக அனுமதி பெறும் வழியைச் சட்டம் திறந்துவிட்டிருந்தாலும், சில மாநிலங்கள் அதைப் பெறுவதையே கடினமாக்கின. எனவே அந்த அனுமதிக்கு அளவுக்கு மீறிய கட்டணம் கேட்பதைத் துணைக்குழு தன் கொள்கை அறிக்கைகளின் வழியே கட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

மாநிலக் கட்டணங்கள் சமமாக இல்லாததற்கு நிர்வாக அமைப்பே முதன்மைக் காரணம். வட கரோலினாவில் மதிப்பீட்டு வாரியம் தனித்து நிற்கிறது. தன் செலவைத் தன் கட்டணத்திலேயே பார்த்துக்கொள்கிறது. டெக்சஸில் அது மனைத் தரகர் ஆணையத்தோடு ஒரே அலுவலகத்தையும் அலுவலரையும் பகிர்ந்துகொள்கிறது. இல்லினாயிலும் ஃபுளோரிடாவிலும் பல தொழில்களுக்கு உரிமம் தரும் பெரிய துறைக்குள் ஒரு சிறு மூலையாக அது இருக்கிறது. கலிஃபோர்னியாவின் அலுவலகம் 2013 ஜூலையில் நுகர்வோர் நலத் துறைக்குள் மனைத்துறை மதிப்பீட்டாளர் பணியகம் என்ற பெயரில் சேர்க்கப்பட்டது. சில மாநிலங்களில் வசூலான கட்டணம் பொது நிதியில் கலந்துவிட, புகார்களை விசாரிக்க ஆளும் பணமும் இல்லாமல் வாரியங்கள் திணறின. காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் 2003இல் இத்துறையை ஆராய்ந்தபோது மாநில முகமைகள் முன்வைத்த முதன்மைக் குறையே நிதிப் பற்றாக்குறைதான். உரிமத்துக்குப் பணம் செலுத்தியவர், அந்தப் பணத்தில் தன் போட்டியாளனின் மோசடி விசாரிக்கப்படும் என்று எதிர்பார்க்க நியாயம் உண்டு. அந்த எதிர்பார்ப்பு பல ஆண்டுகள் நிறைவேறவில்லை. ஒழுங்கு தவறிய மாநிலத்தைத் திருத்தத் துணைக்குழுவிடம் இருந்ததோ ஒரே ஓர் ஆயுதம்: அந்த மாநிலத்தின் உரிமங்கள் அனைத்தையும் ஏற்க மறுப்பது. அதைப் பயன்படுத்தினால் அந்த மாநிலத்தில் வங்கிக்கடனே நின்றுபோகும் என்பதால், அது ஒருபோதும் பயன்படுத்தப்படவில்லை. இடைப்பட்ட தண்டனைகளை விதிக்கும் அதிகாரத்தைச் சட்டம் தந்தது 2010இல்தான்.

கட்டணத்துக்கு ஈடாகப் பொதுமக்களுக்குக் கிடைத்தது முதலில் ஒரு பட்டியல் மட்டுமே. இணையம் பரவியபின் அந்தப் பட்டியலே அமைப்பின் மிகப் பயனுள்ள உறுப்பாக மாறியது. ஐம்பது மாநிலங்கள், கொலம்பியா மாவட்டம், புவேர்ட்டோ ரிக்கோ, குவாம், வர்ஜின் தீவுகள், வட மரியானா தீவுகள் என ஐம்பத்தைந்து ஆட்சிப்பகுதிகளின் உரிமங்களும் துணைக்குழுவின் தளத்தில் ஒரே இடத்தில், கட்டணமின்றித் தேடக்கூடியவையாக ஆயின. அறிக்கை கேட்பதற்கு முன் வங்கியின் எழுத்தர் அங்கே பெயரைத் தட்டிப் பார்த்து, உரிமம் நடப்பில் உள்ளதா, எந்தப் படியில் உள்ளது என்று உறுதிசெய்துகொள்வது அன்றாட வழக்கமானது. ஆண்டுக்கு ஒரு முறை அனுப்பினால் போதும் என்று சட்டம் சொன்ன பட்டியலை மாதத்துக்கு ஒரு முறையேனும் புதுப்பிக்க வேண்டும், ஒழுங்கு நடவடிக்கை உறுதியானால் சில வேலை நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று துணைக்குழு பின்னர் எதிர்பார்க்கத் தொடங்கியது. ஒரு மாநிலத்தில் உரிமம் பறிபோனவர் அடுத்த மாநிலத்தில் புதிய ஆளாகத் தோன்றுவது இதனால் அரிதாகிவிட்டது.

மாநிலத் தளங்கள் வேறு வகையின. உரிமத் தேடல், கட்டணப் பட்டியல், விண்ணப்பப் படிவம், புகார் படிவம், வாரியக் கூட்டக் குறிப்புகள், தண்டனை ஆணைகள் ஆகியவை அவற்றின் பொதுவான உள்ளடக்கம். ஆனால் வைக்கப்பட்டிருக்கும் ஒழுங்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தனி வாரியங்களின் தளங்களில் கட்டணமும் தகுதியும் முதல் பக்கத்திலேயே கிடைக்க, பெரிய துறைக்குள் அடங்கிய வாரியத்தின் விவரங்களை முடிதிருத்துவோர், செவிலியர், மின்பணியாளர் ஆகியோரின் பக்கங்களுக்கிடையே தேடிப்பிடிக்க வேண்டும். கட்டணங்கள் சில மாநிலங்களில் சட்டத்திலேயே எழுதப்பட்டும், சிலவற்றில் வாரிய விதிகளால் வரையறுக்கப்பட்டும் இருப்பதால், தளத்தில் உள்ள தொகை நடப்பிலுள்ளதுதானா என்பதற்கு விதியின் பாடத்தையே பார்க்க வேண்டிவரும். பல மாநிலங்களில் வேலை தேடும் இளையவர் ஒவ்வொரு மாநிலத்தின் தளத்தையும் தனித்தனியே படித்தாக வேண்டும். நாடு முழுவதற்குமான ஒரே கட்டணப் பட்டியலைச் சட்டம் யாரிடமும் கேட்கவில்லை.

உரிமம் நேர்மையை உறுதிசெய்யுமா என்ற கேள்விக்கு 2000களின் வீட்டுக்கடன் குமிழி விடை சொன்னது. 1989இன் சட்டம் மதிப்பீட்டாளரின் அறிவைச் சோதித்தது, அவருடைய ஒழுக்கத்துக்கு விதிநூல் தந்தது. ஆனால் அவருக்கு வேலை கொடுப்பது யார் என்பதைத் தொடவில்லை. கடன் முடிந்தால்தான் தரகுப்பணம் பெறும் அடமானத் தரகர், தேவையான தொகையை முன்கூட்டியே சொல்லி, அது வராவிட்டால் அடுத்த முறை வேறொருவரை அழைப்பார். 2000 முதல் 2007 வரை இந்த அழுத்தத்தை எதிர்த்து ஏறத்தாழ 11,000 மதிப்பீட்டாளர்கள் கையெழுத்திட்ட மனு வாஷிங்டனுக்குப் போனதை நிதி நெருக்கடி விசாரணை ஆணையத்தின் அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. உரிமமோ சான்றோ பெற்று, ஆண்டுதோறும் பதிவேட்டுக்குக் கட்டணம் செலுத்தும் தொழிலைச் சேர்ந்தவர்கள் அவர்கள். பதிவேடு அவர்களை யாருக்கும் அடையாளம் காட்டும். அவர்களை மிரட்டியவர்களை அடையாளம் காட்டும் பதிவேடு எதுவும் அன்று இல்லை.

நியூயார்க் மாநிலத் தலைமை வழக்குரைஞராக இருந்த ஆண்ட்ரூ குவோமோ 2007இல் தொடர்ந்த வழக்கும், அதை அடுத்து ஃபேனி மே, ஃபிரெடி மேக் ஆகிய அடமானக் கடன் நிறுவனங்களோடு செய்த உடன்பாடும் 2009 மே மாதம் ஒரு நடத்தை விதித்தொகுப்பைக் கொண்டுவந்தன. கடனை விற்கும் அலுவலரும் அடமானத் தரகரும் மதிப்பீட்டாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதே கருத்து 2010இன் டாட்-ஃபிராங்க் நிதிச் சீர்திருத்தச் சட்டத்தில் இடம்பெற்றது. நோக்கம் நல்லதே. விளைவோ, வங்கிக்கும் மதிப்பீட்டாளருக்கும் நடுவே மதிப்பீட்டு மேலாண்மை நிறுவனம் என்ற இடைத்தரகர் பெருகியதுதான். வேலையைப் பகிர்ந்து கொடுக்கும் அந்த நிறுவனம், கடன் வாங்குபவர் செலுத்தும் கட்டணத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வதாக மதிப்பீட்டாளர்கள் முறையிட்டனர். வழக்கமான, நியாயமான கட்டணம் தரவேண்டும் என்று சட்டம் சொன்னாலும், எது நியாயம் என்பதைத் தீர்மானிப்பது எளிதாக இருக்கவில்லை. லூயிசியானாவின் வாரியம் அதை வரையறுத்து அமல்படுத்த முயன்றபோது, அது விலையைப் பூட்டும் செயல் என்று கூட்டரசின் வணிக ஆணையம் 2017இல் அதன்மீதே வழக்குத் தொடுத்தது.

அதே டாட்-ஃபிராங்க் சட்டம் பதிவேட்டுக் கட்டணத்தின் வரம்பை 25 டாலரிலிருந்து 40 டாலராக உயர்த்தி, தேவைப்பட்டால் 80 வரை செல்ல இடம் கொடுத்தது. 2012 தொடக்கத்திலிருந்து 40 டாலர் வசூலிக்கப்பட்டது. மேலாண்மை நிறுவனங்களும் மாநிலங்களில் பதிந்து, தம் குழுவிலுள்ள மதிப்பீட்டாளரின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றும் வகுத்தது. அதற்கான விதி 2017இல் வெளிவந்தது. அமைப்பைத் தாங்கும் செலவில் மதிப்பீட்டாளர் அல்லாத ஒரு தரப்பு பங்கு கொடுக்கத் தொடங்கியது சட்டம் பிறந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகுதான். அந்தத் தரப்பும் தன் பங்கை மதிப்பீட்டாளருக்குத் தரும் தொகையில் கழித்துக்கொள்ள முடியும் என்பது வேறு விஷயம்.

இதற்கிடையே வாசல் குறுகிக்கொண்டே வந்தது. 2008இல் முன்படிப்பு மணிநேரங்கள் உயர்ந்து, உரிமத்துக்கு 150, குடியிருப்புச் சான்றுக்கு 200, பொதுச் சான்றுக்கு 300 என்றாயின. 2015 முதல் இரு சான்றுகளுக்கும் இளங்கலைப் பட்டம் கட்டாயமானது. படிப்பைவிடக் கடினமானது மேற்பார்வையாளரைத் தேடுவது. பயிற்சியாளரின் ஒவ்வோர் அறிக்கைக்கும் பொறுப்பேற்று, அவருடன் வீடு வீடாகப் போய், சில ஆண்டுகளில் தனக்கே போட்டியாகப் போகிறவருக்குத் தொழில் கற்றுக்கொடுக்க எந்தச் சிறு அலுவலகமும் முன்வராது. மேலாண்மை நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்தபின் பயிற்சியாளருக்குக் கொடுக்க மிச்சமும் இல்லை. அதனால் தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கும் மாமனிடமிருந்து மருமகனுக்கும் போவதாயிற்று. வெள்ளையர் அல்லாதோரின் பங்கு மிகச் சிறியதாகவே நின்றது. 2018 மே மாதம் அறக்கட்டளையின் தகுதிக் குழு சற்று இறங்கிவந்தது: உரிமத்துக்கான பணி அனுபவம் 2,000 மணிநேரத்திலிருந்து 1,000 ஆகவும், குடியிருப்புச் சான்றுக்கு 2,500இலிருந்து 1,500 ஆகவும் குறைந்தது, உரிமத்துக்குக் கல்லூரிப் படிப்பு தேவையில்லை என்றானது. 2021 முதல், மேற்பார்வையாளர் இன்றிக் கணினி வழிப் பயிற்சியால் அனுபவ மணிநேரங்களை நிறைவுசெய்யும் வழியும் திறந்தது. அதற்கும் கட்டணம் உண்டு, அதுவும் பயில்பவருடையதே.

உரிமம் பெற்றவரின் செலவு ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவரைக் கட்டாயம் அழைக்க வேண்டிய கடன்களின் வட்டம் சுருங்கியது. 1994இல் வங்கிக் கண்காணிப்பு முகமைகள் 2,50,000 டாலருக்கு உட்பட்ட கடன்களுக்கு உரிமம் பெற்றவரின் மதிப்பீடு தேவையில்லை என்று விலக்களித்தன. 2018இல் வணிகச் சொத்துகளுக்கு அந்த வரம்பு 5,00,000 ஆகவும், 2019இல் குடியிருப்புகளுக்கு 4,00,000 ஆகவும் உயர்ந்தது. ஃபேனி மே, ஃபிரெடி மேக் வாங்கும் கடன்களும் வீட்டுவசதி நிர்வாகம் காப்பீடு செய்யும் கடன்களும் தம் சொந்த விதிகளால் மதிப்பீட்டைக் கேட்டுவந்ததால் இதன் தாக்கம் முதலில் பெரிதாகத் தெரியவில்லை. அந்த இரு நிறுவனங்களே தம்மிடமுள்ள தரவுகளை நம்பிச் சில கடன்களுக்கு மதிப்பீட்டையே கைவிடத் தொடங்கியபோதுதான் தொழிலினர் விழித்துக்கொண்டனர். மறுபுறம், மதிப்பீட்டாளர் போதவில்லை என்று முறையிட்ட வடக்கு டகோட்டாவுக்கு 2019இல் துணைக்குழு உரிமத் தேவையிலிருந்து தற்காலிக விலக்கு அளித்தது.

2024இல் மதிப்பீட்டு அறக்கட்டளை, பயிற்சித் தகுதிகள் சிறுபான்மையினரை வெளியே நிறுத்துகின்றன என்ற குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள கூட்டரசின் வீட்டுவசதித் துறையுடன் உடன்பாடு செய்து, புதியவர்களின் கணினிவழிப் பயிற்சிக் கட்டணத்துக்காக 12 லட்சம் டாலருக்கு மேற்பட்ட உதவித்தொகை நிதியை ஒதுக்க ஒப்புக்கொண்டது. 2026 ஜனவரி முதல், மதிப்பீட்டில் பாகுபாடு, நியாயமான வீட்டுவசதி ஆகியவை பற்றிய வகுப்பு எல்லா மாநிலங்களிலும் கட்டாயமாகியது: புதிதாக வருபவருக்கு எட்டு மணிநேரம், ஏற்கெனவே இருப்பவருக்கு முதல் முறை ஏழு மணிநேரம், அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நான்கு மணிநேரம். வகுப்புகளை நடத்துபவை முன்போலவே பயிற்சிப் பள்ளிகளும் தொழிற்சங்கங்களும். கட்டணம் முன்போலவே மதிப்பீட்டாளருடையது.